கட்டடத்தின் கணக்கேடு

பெரிய அலுவலகக் கட்டடங்களில் வாடகைக்கு விடப்படும் இடங்களின் விவரங்களைக் கணிப்பொறியில் மாதிரிக் கட்டடமாக அமைத்துப் பராமரிப்பது என் தொழில். கம்மாபுரத்தில் இதைச் சொன்னால் பலருக்கும் விளங்குவதில்லை. ‘படம் வரைகிற வேலை’ என்று சுருக்கிக்கொள்கிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் என் அக்காள் மகன் இதே தொழிலைப் படிக்க விரும்பியபோது என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். “மாமா, கட்டடம் கட்டும்போது படம் வேண்டும். கட்டி முடித்துக் குடிவந்த பிறகு அந்தப் படத்துக்கு என்ன வேலை? அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளுக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?” என்றான். நல்ல கேள்விதான், கட்டட உரிமையாளர்களே இப்படிக் கேட்பதுண்டு. அவனுக்குச் சொன்ன விடை, உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் கட்டடத் தொழிலில் இருக்கும் நம் சகோதரர்களுக்கும், பிள்ளைகளை அத்தொழிலுக்கு அனுப்ப எண்ணும் பெற்றோருக்கும் பயன்படும் என்று கருதி இங்கே எழுதுகிறேன்.

அச்சும் பண்டமும்

எங்கள் வட்டாரத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது விருத்தாசலத்துப் பீங்கான். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடைக்கும் வெள்ளைக் களிமண் இத்தொழிலுக்குக் கைகொடுத்தது. மின்சாரப் பியூஸ் கட்டைகள் முதல் பொம்மைகள் வரை இங்கே செய்யப்பட்டு வெளியூர்களுக்குப் போயின. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் விருத்தாசலத்தில் உண்டு.

பட்டறையைப் பார்த்தவர்களுக்கு என் தொழிலை விளக்குவது எளிது. முதலில் ஒரு மூல உருவம் செய்வார்கள். அதைக் கொண்டு தாய் அச்சு செய்வார்கள். தாய் அச்சிலிருந்து பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வேலை அச்சுகள் பல எடுப்பார்கள். களிமண் குழம்பை ஊற்றிப் பண்டம் எடுப்பது வேலை அச்சில்தான். அது நாளடைவில் தேயும், ஓரம் மழுங்கும், உடையும். தாய் அச்சு பத்திரமாக இருக்கும்வரை கவலையில்லை, புதிய வேலை அச்சு எடுத்துக்கொள்ளலாம். யாராவது அவசரத்தில் தாய் அச்சையே சுரண்டிவிட்டால், அதற்குப் பின் வரும் பண்டம் ஒவ்வொன்றும் அந்தச் சுரண்டலோடுதான் வரும்.

பட்டறையில் எல்லாருக்கும் தெரிந்த இன்னொரு செய்தியும் உண்டு. அச்சின் அளவும் சூளையிலிருந்து வெளிவரும் பண்டத்தின் அளவும் ஒன்றாக இருப்பதில்லை. காய்ந்து, வெந்து வரும்போது களிமண் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். ஆகவே, முடிந்த பண்டத்தின் அளவு தெரிய வேண்டுமானால் பண்டத்தையே அளக்க வேண்டும். அச்சை அளந்துவிட்டு அதுதான் பண்டத்தின் அளவு என்று சொல்லலாகாது. கட்டடமும் அப்படியே. படத்தில் போட்டபடியே எந்தக் கட்டடமும் எழும்புவதில்லை. ஒரு தூண் இரண்டு அங்குலம் தள்ளியிருக்கும். ஒரு குழாய் வேறு வழியாகப் போயிருக்கும்.

தாய் அச்சைக் காக்க வேண்டும். முடிந்த பண்டத்தை அளக்க வேண்டும். என் தொழிலின் சாரம் இந்த இரண்டில் அடங்கிவிடும்.

கோட்டிலிருந்து பொருளுக்கு

நான் தொழிற்பயிற்சி நிலையத்தில் கட்டட வரைவாளர் படிப்புப் படித்த காலத்தில் டிரேசிங் தாளும் மைப்பேனாவும் வைத்து வரைந்தோம். பிறகு கணிப்பொறியில் ஆட்டோகேட் வந்தது. தாள் போய்த் திரை வந்ததே தவிர, அப்போதும் வரைந்தது கோடுதான். இணையாக இரண்டு கோடு கண்டால் அது சுவர் என்று பார்ப்பவர் புரிந்துகொள்ள வேண்டும். கணிப்பொறிக்கு அது சுவரென்று தெரியாது.

கோடுகளுக்குப் பதிலாகக் கட்டடத்தின் பகுதிகளையே கணிப்பொறியில் பதிவு செய்யலாம் என்று அமெரிக்கப் பேராசிரியர் சார்லஸ் ஈஸ்ட்மன் 1975ஆம் ஆண்டு ஒரு கட்டுரையில் விளக்கினார். அந்த எண்ணம் அன்றாட வேலைக்கு வர நெடுங்காலம் ஆயிற்று. ரெவிட் என்னும் மென்பொருள் 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. 2002இல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் அதை வாங்கியது. அதன் பின்னரே ‘பிம்’ என்று சுருக்கமாக வழங்கப்படும் கட்டடத் தகவல் மாதிரி பரவலாயிற்று. இதில் சுவர் சுவராகவே பதிவாகும். அதன் கனம் என்ன, எதனால் ஆனது, எவ்வளவு நேரம் தீயைத் தாங்கும், எப்போது எழுப்பப்பட்டது ஆகிய விவரங்கள் அதனுடனேயே இருக்கும். ஒரு கதவை நகர்த்தினால் தளப்படம், வெட்டுத்தோற்றம் இரண்டிலும் அது தானே நகர்ந்துவிடும்.

துபாய் மாநகராட்சி 2013ஆம் ஆண்டு ஒரு சுற்றறிக்கை விடுத்து, 40 மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கும் 3 இலட்சம் சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கும் இம்முறையைக் கட்டாயமாக்கியது. 2015இல் அவ்வரம்பு 20 மாடி, 2 இலட்சம் சதுர அடி என்று இறக்கப்பட்டது. வளைகுடாவில் இருந்த வரைவாளர் பலர் நடுவயதில் மீண்டும் மாணவரானது அந்த ஆண்டுகளில்தான். அவர்களில் நானும் ஒருவன்.

நம் தமிழகத்திலும் இதற்கான தேவை வளர்ந்துவிட்டது. சென்னைத் தரமணியில் டைடல் பூங்கா 2000ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 13 மாடிகள், ஏறத்தாழ 12.8 இலட்சம் சதுர அடி. அதைத் தொடர்ந்து பழைய மகாபலிபுரம் சாலை நெடுகிலும், ஒரே கூரையின்கீழ்ப் பல நிறுவனங்கள் வாடகைக்கு இருக்கும் பெருங்கட்டடங்கள் எழுந்தன. ஒரு நிறுவனம் காலி செய்யும், மற்றொன்று வரும். ஒன்று பாதி மாடியை விட்டுக்கொடுக்கும், பக்கத்தில் இருப்பது அதை எடுத்துக்கொள்ளும். கட்டடம் கட்டி முடிந்தது என்று சொல்லும் நாளே அங்கு வருவதில்லை.

ஒரு கட்டடம், பல வாடகைதாரர்

இத்தகைய கட்டடத்தில் இரண்டு அடுக்குகள் உள்ளன. தூண்கள், தளங்கள், வெளிச்சுவர், லிப்டு, மாடிப்படி, பெருங்குழாய்கள் ஆகியன உரிமையாளருடையவை. இதை மூலக் கட்டடம் என்போம். தடுப்புகள், ஃபால்ஸ் சீலிங், விளக்குகள், ஏசியின் கிளைக் குழாய்கள் முதலியவற்றைப் பெரும்பாலும் வாடகைதாரர் தம் செலவில் அமைப்பார். மூலக் கட்டடம் பல தலைமுறை நிற்க வேண்டியது. வாடகைதாரரின் உள்வேலையோ ஒப்பந்தம் முடிந்ததும் பெயர்த்தெடுக்கப்படுவது.

மாதிரியையும் அவ்வாறே பிரித்து வைக்க வேண்டும். மூலக் கட்டடத்துக்கு ஒரு கோப்பு. ஒவ்வொரு வாடகை இடத்துக்கும் தனித்தனிக் கோப்பு. எல்லாவற்றுக்கும் அளவு தொடங்கும் புள்ளி ஒன்றாகவே இருக்க வேண்டும். அப்போதுதான் ஒன்றோடொன்று இணைத்தால் அதது அததன் இடத்தில் பொருந்தும். வாடகைதாரரின் வரைவாளர் மூலக் கோப்பைத் தம் கோப்போடு இணைத்துப் பார்க்கலாம், அதைத் திருத்தலாகாது. அதுதான் நம் தாய் அச்சு.

இப்படிப் பிரிப்பதற்குக் காரணங்கள் உண்டு. எல்லாம் ஒரே கோப்பில் இருந்தால் அது கனத்துப்போய்க் கணிப்பொறி திணறும். வாடகைதாரர்களில் ஒருவர் வங்கியாக இருக்கலாம். அவருடைய பாதுகாப்புப் பெட்டக அறையும் கண்காணிப்புக் கருவிகளும் எங்கே உள்ளன என்பதைப் பக்கத்து நிறுவனம் அறியக் கூடாது. இன்னும் முக்கியமானது, அவர் காலி செய்யும் நாளில் அவருடைய கோப்பை மட்டும் எடுத்துப் பழைய ஆவணங்களோடு வைத்துவிட்டால், மூலக் கட்டடம் சுத்தமாக அடுத்தவருக்குக் காத்திருக்கும்.

பெயரிடுவதிலும் ஒரு நெறி வேண்டும். வாடகைதாரரின் பெயரைக் கோப்புக்கு வைக்கக் கூடாது. மாடியும் இடத்தின் எண்ணும்தான் அதன் பெயராக இருக்க வேண்டும். ஒரே இடத்தை இரண்டாகப் பிரித்தால் இரண்டுக்கும் புதிய எண் கொடுத்து, பழைய எண்ணை ஓய்வில் வைத்துவிட வேண்டும். பழைய எண்ணையே ஒரு பாதிக்குக் கொடுத்தால், ஐந்தாண்டு கழித்து ஒரு பழைய ரசீதை எடுத்துப் பார்ப்பவர் எந்த இடத்தைக் குறித்தது அது என்று தடுமாறுவார்.

கட்டடத் தகவலைப் பேணுவதற்கென்று 2018இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 19650 என்னும் பன்னாட்டுத் தரம் கோப்புகளை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது. செய்துகொண்டிருப்பது, பிறர் பார்வைக்குக் கொடுத்தது, ஒப்புதல் பெற்று வெளியிட்டது, பழைய ஆவணமாக வைத்தது என்பனவே அவை. அரைகுறையாக வரைந்தது தவறிப்போய் ஒப்புதல் பெற்றதாகப் புழங்கிவிடாமல் தடுப்பதே இதன் நோக்கம். பழைய ஆவணத்தை அந்தந்த மென்பொருளின் வடிவத்தில் மட்டும் வைக்காமல், ஐ.எஃப்.சி. என்னும் பொது வடிவத்திலும் ஒரு படி வைப்பது நல்லது. இருபது ஆண்டு கழித்து அந்த மென்பொருள் இருக்குமா என்பதற்கு யாரும் உறுதி தர முடியாது.

சுவர் யாருடையது?

இரண்டு வாடகைதாரருக்கு நடுவே நிற்கும் சுவரைப் பற்றித்தான் சண்டைகள் மிகுதி. 20 மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் கனமும் உள்ள சுவர் பிடிக்கும் இடம் 2 சதுர மீட்டர். அதாவது ஏறத்தாழ 21½ சதுர அடி. சதுர அடிக்கு மாதம் 80 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொண்டால் அந்தச் சுவர் நிற்கும் இடத்துக்கு மட்டும் ஆண்டுக்கு 20,600 ரூபாய்க்கு மேல் ஆகிறது. அது யார் கணக்கில் ஏறுவது? நடுக்கோடு வரை இருவருக்கும் பாதிப்பாதி என்பது பரவலான வழக்கம். அமெரிக்காவில் கட்டட உரிமையாளர், மேலாளர் சங்கத்தினர் 1915ஆம் ஆண்டிலேயே அலுவலக இடத்தை அளக்க ஒரு தரத்தை வெளியிட்டார்கள் என்றால் இந்த வழக்கு எவ்வளவு பழையது என்று பாருங்கள்.

ஆகவே நடுச்சுவரை எந்த வாடகைதாரரின் கோப்பிலும் விடுவதில்லை. மூலக் கோப்பில்தான் வைக்கிறோம். ஒருவர் காலி செய்யும்போது அவருடைய கோப்போடு அதுவும் போய்விட்டால், பக்கத்து அலுவலகம் மாதிரியில் சுவரில்லாமல் நிற்கும்.

வாடகைக் கணக்கு பணத்தோடு போகிற விஷயம். உயிரோடு போகிற விஷயமும் உண்டு. ஒரு பெரிய கூடத்தின் நடுவே புதிய தடுப்பு ஒன்று வைத்து மேலாளருக்கு அறை அமைக்கிறார்கள். மேலே இருக்கும் தண்ணீர் தெளிப்பான், புகை உணரும் கருவி ஆகியன தடுப்புக்கு அந்தப் பக்கம் தங்கிவிடுகின்றன. புதிய அறைக்குள் ஒன்றுமில்லை. தடுப்பு வைத்த தச்சருக்கு அது தெரியாது, மேலாளருக்கும் தெரியாது. மாதிரியில் அந்தத் தடுப்பை முதலில் வைத்துப் பார்த்திருந்தால் அந்தக் குறை திரையிலேயே கண்ணுக்குப் பட்டிருக்கும்.

பெங்களூரில் கார்ல்டன் டவர்ஸ் என்னும் அலுவலகக் கட்டடத்தில் 2010 பிப்ரவரி 23 அன்று தீப்பற்றி ஒன்பது பேர் இறந்தார்கள். கட்டடத்தை நிரப்பிய புகைக்கு நடுவே, அவசர வழிகள் பூட்டிக் கிடந்த செய்தி நாட்டை உலுக்கியது. பிள்ளைகளை இழந்த குடும்பத்தினர் ‘பியாண்ட் கார்ல்டன்’ என்னும் அமைப்பைத் தொடங்கித் தீப் பாதுகாப்புக்காகக் குரல் கொடுத்து வருகிறார்கள். லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்னும் 24 மாடிக் குடியிருப்பு 2017 ஜூன் 14 அன்று எரிந்து 72 பேர் மாண்டனர். அதன் பின் பொறியாளர் ஜூடித் ஹாக்கிட் அம்மையார் 2018இல் அளித்த அறிக்கை, ஒரு கட்டடத்தின் தகவல்கள் வடிவமைப்பு முதல் பயன்பாடு வரை அறுபடாத பொன்னிழைபோல் தொடர்ந்து வர வேண்டும் என்று வலியுறுத்தியது. 2022இல் பிரிட்டன் இயற்றிய கட்டடப் பாதுகாப்புச் சட்டம், உயரமான குடியிருப்புகளில் அதைக் கடமையாக்கியது. நம் நாட்டு அலுவலகக் கட்டடங்களுக்கும் அந்த இழை தேவை என்பதே என் கருத்து.

‘சரிபார்க்கப்பட்டது’ என்னும் சொல்

வளைகுடா நகரம் ஒன்றில் நாற்பது மாடிக்கு மேற்பட்ட ஓர் அலுவலகக் கட்டடத்தில் எனக்கு வேலை. அதன் நிர்வாகம் கைமாறவிருந்தது. புதிய நிர்வாகத்திடம் மாதிரியை ஒப்படைக்கும்போது ஒவ்வோர் அறைக்கும் எதிரே ‘சரிபார்க்கப்பட்டது’ என்று குறித்திருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். கட்டடத்தில் 31 வாடகை இடங்கள். அவற்றுள் 19க்குள் நாங்கள் சென்று அளந்துவிட்டோம். மற்றப் பன்னிரண்டு நிறுவனத்தார் உள்ளே விட இன்னும் நாள் குறிக்கவில்லை. மாதக் கடைசி நெருங்கிவிட்டது.

“பழைய படத்தைப் பார்த்துப் போட்டுவிடுங்கள் பாய். எல்லாம் அப்படியேதான் இருக்கும். யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்?” என்றார் எங்கள் மேலாளர். கெட்ட மனிதர் அல்லர். ஒப்படைப்பு தவறினால் தண்டம் கட்ட வேண்டியவர் அவர்.

நான் அளந்த 19 இடங்களில் ஒன்றில் என்ன கண்டேன் என்பதை அவருக்கு நினைவூட்டினேன். பழைய படத்தில் இரண்டாவது மாடிப்படிக்குப் போகும் நடை திறந்திருந்தது. நேரில் போய்ப் பார்த்தால், வாடகைதாரர் அந்த நடையை அடைத்துப் பொருள் வைக்கும் அறையாக்கியிருந்தார். இரவில் அந்த மாடியைத் துப்புரவு செய்பவர்கள் நம் நாட்டுப் பிள்ளைகள். புகை சூழ்ந்தால் அவர்கள் அந்த வழியை நம்பித்தான் ஓடுவார்கள். அவர்களைத் தேடி வரும் தீயணைப்பு வீரர்களும் அந்தப் படத்தை நம்பித்தான் வருவார்கள். ஓர் இடத்தில் அப்படி இருந்ததென்றால் பார்க்காத பன்னிரண்டில் எத்தனையோ!

‘சரிபார்க்கப்பட்டது’ என்பது சாட்சியம். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லும் சாட்சியத்துக்கு என்ன பெயர் என்று நம் வீட்டுக் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். நான் மாதிரியில் ஒரே குறிப்புக்குப் பதிலாக மூன்று குறிப்புகள் வைத்தேன்: நேரில் பார்த்தது, ஆவணத்தின்படி, தெரியாதது. பார்த்ததற்கு எதிரே பார்த்த தேதியும் பார்த்தவர் பெயரும். பன்னிரண்டு இடங்கள் ‘ஆவணத்தின்படி’ என்ற குறிப்போடு போயின. அடைபட்ட நடையைச் சிவப்பு வண்ணத்தில் காட்டி, தனிக் கடிதமும் எழுதினேன். புதிய நிர்வாகம் அந்தத் தடுப்பை எடுக்கச் செய்தது. எங்கள் நிறுவனம் கொஞ்சம் தண்டம் கட்டியது. ஆண்டு முடிவில் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. காரணம் எதுவும் சொல்லப்படவில்லை.

ஊர் திரும்பிய பிறகு சில மாதங்கள் வீட்டில் நெருக்கடிதான். மூத்த மகளின் படிப்புக் கட்டணம் நின்றது. “நாலு வார்த்தை எழுதிக் கொடுத்திருந்தால் வேலை இருந்திருக்குமே!” என்று உறவினர் சிலர் வருந்தினார்கள். அத்தா மட்டும், “எழுதாமல் வந்தாயே, அது போதும்” என்றார். இப்போது கம்மாபுரத்தில் வீட்டின் மாடியறையிலிருந்தே வேறோர் ஊர்க் கட்டடத்தின் மாதிரியைப் பராமரிக்கிறேன். தளத்திலிருக்கும் இளைஞர்கள் அளவுகளையும் ஒளிப்படங்களையும் அனுப்புகிறார்கள். சந்தேகம் வந்தால் மறுபடி போய்ப் பார்க்கச் சொல்கிறேன்.

செய்யத் தக்கன

இத்தொழிலுக்கு வரும் பிள்ளைகள் மென்பொருளை ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். அதைவிட அவசியமானது தளத்தில் நடந்து பழகுவது. ஃபால்ஸ் சீலிங் மூடுவதற்கு முன் மேலே உள்ள குழாய்களையும் வால்வுகளையும் படமெடுத்து அளந்துகொள்ளுங்கள். மூடிய பிறகு லேசர் கருவியாலும் அதற்கு மேலே பார்க்க முடியாது. தெரியாததைத் தெரியாது என்று எழுதக் கூச்சப்படாதீர்கள். அப்படி எழுதியிருந்தால் அடுத்து வருபவர் போய்ப் பார்த்துக்கொள்வார். பொய்யாக நிரப்பியிருந்தால் பார்க்கவே மாட்டார்.

கடைகளும் வணிக வளாகங்களும் கட்டி வாடகைக்கு விடும் சகோதரர்கள் நம்மிடையே பலர் உண்டு. உங்கள் கட்டடம் நான்கு மாடியாக இருக்கலாம். கணிப்பொறி மாதிரி இல்லாமல் ஒரு நோட்டுப் புத்தகமும் சில படங்களும் மட்டும் இருக்கலாம். நெறி ஒன்றுதான். வாடகை ஒப்பந்தம் எழுதும்போதே, எந்தத் தடுப்பு வைத்தாலும் முன்கூட்டிக் காட்ட வேண்டும் என்றும், வேலை முடிந்ததும் உள்ளபடியான படத்தைத் தர வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். காலி செய்யும்போது, மாற்றங்களின் படம் கைக்கு வந்த பிறகே முன்பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். ஆண்டுக்கொரு முறை நீங்களே எல்லா மாடிகளையும் நடந்து, மாடிப்படிக்குப் போகும் வழிகள் திறந்திருக்கின்றனவா என்று பார்த்துத் தேதியைக் குறித்து வையுங்கள்.

ஒரு கட்டடத்தின் கணக்கேடு நம் கையில் இருக்கும் அமானிதம். அதை நம்பப் போகிறவர் நமக்கு முன்பின் தெரியாதவர். ஓர் இரவில், அவசரத்தில், விளக்கணைந்த நடையில் நிற்கப்போகிறவர். அவர் திரும்பி வந்து நம்மிடம் எதையும் கேட்க முடியாது. அவருக்குத் தேவையானதைப் பகலிலேயே, பார்த்து, எழுதி வைத்துவிட வேண்டும்.